1050 டிஐ-யிலிருந்து எந்த கிராபிக்ஸ் கார்டுக்குப் போகலாம்? ஐ5-8400, பழைய எஸ்எம்பிஎஸ், பட்ஜெட் 25 ஆயிரம் (ஏற்காடு)

செம்மடுவு_பையன் (ஏற்காடு) எழுதியது:

வணக்கம். 2018-ல் சேலத்தில் காலேஜ் சேர்ந்தபோது அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர்தான் இன்றும் ஓடுகிறது. இன்டெல் ஐ5-8400, பி360 போர்டு, 8 ஜிபி ராம் ஒரே ஸ்டிக், ஜிடிஎக்ஸ் 1050 டிஐ 4 ஜிபி, ஒரு எஸ்எஸ்டி, ஒரு ஹார்டு டிஸ்க். மானிட்டர் 22 இன்ச், 1080பி, எச்டிஎம்ஐ இருக்கிறது. எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்குக் கரண்ட் தரும் பெட்டி) கேபினட்டோடு சேர்ந்து வந்தது, 450 வாட் என்று போட்டிருக்கிறது, கேள்விப்படாத கம்பெனி.

ஜிடிஏ 5 பிரச்சினையில்லாமல் ஓடுகிறது. ரெட் டெட் 2 எல்லாவற்றையும் லோவில் வைத்தால் சமாளிக்கலாம். சைபர்பங்க் ஊருக்குள் கார் ஓட்டினால் விட்டு விட்டு நிற்கிறது. டூம் தி டார்க் ஏஜஸ் திறக்கவே இல்லை, கார்டில் ரே டிரேசிங் (ஒளி, நிழலை நிஜம் போலக் கணக்கிடுவது) வசதி இல்லையாம். இதோடு என்னுடையது போன்ற 10 சீரிஸ் கார்டுகளுக்குப் புது கேம்களுக்கான டிரைவர் தருவதை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது, இனி 2028 அக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும்தான். ஆகவே மாற்றியே ஆகவேண்டும்.

கேம் மட்டுமில்லை. சித்தப்பா பையன் கல்யாண வீடியோ எடுக்கிறான், முகூர்த்த சீசனில் எடிட்டிங் முழுக்க என் கம்ப்யூட்டரில்தான், டாவின்சி ரிசால்வில். 4கே கிளிப்பில் கொஞ்சம் கலர் வேலை செய்தாலே கார்டு மெமரி போதவில்லை என்று மெசேஜ் வந்துவிடுகிறது.

சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு கடையில் கேட்டேன், ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி வாங்குங்கள், எஸ்எம்பிஎஸ் மாற்றவே வேண்டாம், அப்படியே சொருகிவிடலாம் என்றார்கள். இன்னொரு கடையில் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி, பட்ஜெட்டில் நிறைய மிச்சமாகும் என்றார்கள். பெங்களூரில் இருக்கும் மாமா பையன் தெரிந்தவரிடம் ஆர்எக்ஸ் 580 8 ஜிபி செகண்ட் ஹேண்டில் இருக்கிறது, ரொம்ப மலிவு, எடுத்துக்கொள் என்கிறான். ஆளாளுக்கு ஒன்று சொல்வதால் எதுவும் வாங்காமல் மலை ஏறிவிட்டேன். 25 ஆயிரத்துக்குள் முடிக்கவேண்டும், கொஞ்சம் முன்னே பின்னே போனால் பரவாயில்லை. பழைய ப்ராசஸரோடு புது கார்டு போட்டால் வீணாகிவிடுமா என்பதும் ஒரு பயம்.


அஸ்தம்பட்டி_அசெம்ப்ளி (சேலம்) எழுதியது:

தம்பி, எதுவும் வாங்காமல் திரும்பியது நல்லதாகப் போயிற்று. அந்த மூன்றில் இரண்டை இப்போதே கழித்துவிடலாம்.

ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி உங்கள் போர்டுக்கு ஆகவே ஆகாது. 2022-ல் வந்த கார்டுதான், ஆனால் அது பிசிஐஇ-யில் (போர்டில் கார்டு சொருகும் பாதை) 4 லேன், அதாவது 4 தடம் மட்டுமே பயன்படுத்தும். புது போர்டில் பிசிஐஇ 4.0 இருப்பதால் ஓரளவு சமாளிக்கும், உங்கள் பி360-ல் இருப்பது 3.0, அதில் பாதை அப்படியே பாதியாகிவிடும். கார்டில் மெமரியும் 4 ஜிபிதான், இப்போது வைத்திருக்கும் அதே அளவு. அதைவிடப் பெரிய விஷயம், அந்தக் கார்டில் வீடியோவைச் சுருக்கி ஃபைலாக்கும் என்கோடரே கிடையாது. கல்யாண வீடியோ எக்ஸ்போர்ட் செய்பவர் வீட்டுக்கு இதைக் கொடுத்து அனுப்பலாமா? கேட்பவர் என்ன வேலை செய்கிறார் என்று ஒரு வார்த்தை விசாரித்திருந்தால் அந்தக் கடையில் இதைக் காட்டியிருக்கவே மாட்டார்கள். எனக்கு இதுதான் வருத்தம்.

ஆர்எக்ஸ் 580-ம் வேண்டாம். 2017 கார்டு, ரே டிரேசிங் இல்லை, டூம் இதிலும் திறக்காது. ஆர்எக்ஸ் கார்டுகளைச் செய்யும் ஏஎம்டி 2023 கடைசியிலேயே இந்தத் தலைமுறையைத் தனி டிரைவர் வரிசைக்குத் தள்ளிவிட்டது. ஒரு முட்டுச்சந்திலிருந்து இன்னொரு முட்டுச்சந்துக்கு எதற்குக் காசு கொடுத்துப் போகவேண்டும்? தவிர எதேரியம் என்ற கிரிப்டோ நாணய மைனிங்கில் இரவு பகலாக ஓடிய கார்டுகளில் இது முக்கியமானது. 2022 செப்டம்பரில் எதேரியத்தில் கார்டு வைத்து மைனிங் செய்வது நின்றதும் மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வந்தவை கை மாறிக் கை மாறி இன்னமும் சுற்றுகின்றன. 580 என்ற பெயரிலேயே 2048 கோர் மட்டும் உள்ள இன்னொரு வகையும் உண்டு, அசலில் 2304. ஜிபியு-இசட் என்ற சாஃப்ட்வேர் போட்டுப் பார்க்காமல் பெட்டியைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

3050 6 ஜிபி பற்றிக் கடைக்காரர் சொன்னது உண்மைதான். 70 வாட் கார்டு, போர்டு ஸ்லாட்டே 75 வாட் வரை தரும் என்பதால் தனி பவர் கேபிள் வேண்டாம். 1050 டிஐ-யைவிட நன்றாகவே ஓடும். ஆனால் 2022-ல் வந்த 3050 8 ஜிபி வேறு, 2024-ல் வந்த இந்த 6 ஜிபி வேறு. கோர் 2560-லிருந்து 2304, மெமரி பஸ் (கார்டு மெமரிக்குப் போகும் பாதையின் அகலம்) 128 பிட்டிலிருந்து 96 பிட். பெயர் மட்டும்தான் ஒன்று. எஸ்எம்பிஎஸ் மாற்றவே முடியாத ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு நானே இதைத்தான் போட்டுத் தருவேன். உங்களுக்கு இது இரண்டு வருடத்தில் மறுபடி இதே கேள்வியோடு வந்து நிற்கிற கார்டு. டூம் கேட்பதே குறைந்தது 8 ஜிபி கார்டு மெமரி.

என் யோசனை ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி. அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. கேபினட் பக்கப் பலகையைக் கழற்றி எஸ்எம்பிஎஸ் மேல் ஒட்டியிருக்கும் லேபிளை அப்படியே இங்கே எழுதுங்கள். 450 வாட் என்ற பெரிய எழுத்தை விட்டுவிடுங்கள். ஒரு கட்டம் போட்டிருக்கும், அதில் +12 வோல்ட் என்ற இடத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். கார்டும் ப்ராசஸரும் தின்பது அந்த 12 வோல்ட்டைத்தான். ஆம்பியரை 12-ஆல் பெருக்கினால் உண்மையில் எத்தனை வாட் கிடைக்கும் என்று தெரிந்துவிடும். நல்ல 450 வாட் எஸ்எம்பிஎஸ் என்றால் 30 ஆம்பியருக்கு மேல் இருக்கவேண்டும். இன்புட் எவ்வளவு என்பதையும் பாருங்கள், 100-240 வோல்ட் என்று இருக்கிறதா, வெறும் 230 மட்டுமா. உங்கள் ஊர் லோ வோல்டேஜுக்கு இது முக்கியம்.

3060-க்கு 170 வாட், ஐ5-8400-க்கு 65 வாட் என்று போட்டிருந்தாலும் பூஸ்டில் கொஞ்சம் ஏறும், மற்றதெல்லாம் சேர்த்து 300 வாட் பக்கம் வரும். 550 வாட்டில் 80 ப்ளஸ் ப்ரான்ஸ் முத்திரை (மின்சாரத்தை அதிகம் வீணாக்காததற்கான சான்று) உள்ள ஒரு எஸ்எம்பிஎஸ் தாராளம். அதைவிட்டுவிட்டு, பழைய எஸ்எம்பிஎஸ்-இல் கார்டுக்கான 8 பின் கேபிள் இல்லையே என்று டிஸ்க்குக்குப் போகும் சாட்டா கேபிளில் கன்வெர்ட்டர் மாட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து எழுந்து வந்துவிடுங்கள். ஒரு சாட்டா கனெக்டர் 12 வோல்ட்டில் 54 வாட் தாங்கும், 8 பின்னில் கார்டு 150 வாட் வரை இழுக்கலாம். பிளாஸ்டிக் உருகி கம்பியோடு ஒட்டிப்போன கனெக்டர்களை சர்வீஸுக்கு வந்த கம்ப்யூட்டர்களில் என் கையால் பிரித்து எடுத்திருக்கிறேன்.


கொண்டலாம்பட்டி_பிங் (சேலம்) எழுதியது:

ப்ராசஸர் பயத்துக்குப் பதில் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது, யாரையும் கேட்கத் தேவையில்லை. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற சாஃப்ட்வேர் போட்டு ஜிபியு (கார்டின் சிப்) சதவீதம், ப்ராசஸர் சதவீதம், எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம்) மூன்றையும் திரையில் வரவழைத்து விளையாடுங்கள். ஜிபியு 97, 99 என்று நின்றால் கார்டுதான் திணறுகிறது. ஜிபியு 60-ல் இருக்கிறது, ரெசல்யூஷனைக் குறைத்தாலும் எஃப்பிஎஸ் ஏறவில்லை என்றால் ப்ராசஸரோ ராமோ இழுத்துப் பிடிக்கிறது, அங்கே எந்தக் கார்டு போட்டாலும் ஏறாது.

வேலரன்ட், சிஎஸ் 2 மாதிரி கேம்கள் பெரும்பாலும் ப்ராசஸர் கையில். ரெட் டெட் 2 கார்டு கையில். சைபர்பங்க் இரண்டையும் கேட்கும், ஐ5-8400-ல் 6 கோர் இருந்தாலும் 6 த்ரெட்தான் (ஒரே நேரத்தில் 6 வேலை), கூட்டம் உள்ள தெருவில் எல்லாமே 100 தொடும். டூம் தி டார்க் ஏஜஸ் 8 கோர் ப்ராசஸரைக் குறைந்தபட்சமாகக் கேட்கிறது, ஆகவே கார்டு மாற்றியதும் அது திறக்கும், ஆனால் அட்டகாசமாக ஓடும் என்று நம்பி உட்காரவேண்டாம்.

முதலில் ராம். ஒரே ஸ்டிக் 8 ஜிபி வைத்துக்கொண்டு கார்டைப் பற்றிப் பேசுவதே எனக்கு நியாயமாகப் படவில்லை! இன்னொரு 8 ஜிபி போட்டால் அளவும் இரட்டிப்பு, டூயல் சேனல் ஆவதால் வேகமும் இரட்டிப்பு, 2666-ல் நொடிக்கு 21 ஜிபி போய்க்கொண்டிருந்தது 42 ஆகும். எஃப்பிஎஸ் சராசரியைவிட அந்த விட்டு விட்டு நிற்பதுதான் இதில் குறையும். பி360 போர்டு 2666-க்கு மேல் போகாது, 3200 ராம் போட்டாலும் 2666-ல்தான் ஓடும், அதற்காகக் கூடுதல் காசு தரவேண்டாம். ராம் விலை 2025 கடைசியிலிருந்து ஏறுமுகம், ஏஐ சர்வர்களுக்கு மெமரி போய்விடுகிறது. பழையது நல்ல கண்டிஷனில் கிடைத்தால் தைரியமாக வாங்கலாம், ராமில் தேய்மானம் என்று பெரிதாக எதுவும் இல்லை.

பின்னால் ப்ராசஸர் மாற்றத் தோன்றினால் இதே போர்டில் ஐ7-8700 உட்காரும், 12 த்ரெட். பயாஸ் அப்டேட் செய்தால் 9-வது தலைமுறையும். 10-வது உட்காராது, சாக்கெட் வேறு.


சிவப்பு_அணி (கோவை) எழுதியது:

நான் இங்கே ஒத்துப்போகமாட்டேன். கேம்தான் முதல் வேலை என்றால் ஆர்எக்ஸ் 6600 ஏன் யார் கண்ணிலும் படவில்லை? 132 வாட், 8 ஜிபி, ரே டிரேசிங் இருக்கிறது, டூம் குறைந்தபட்சக் கார்டு பட்டியலில் பெயர் சொல்லியே போட்டிருப்பது இதைத்தான். 1080பி-யில் சாதாரண கேம்களில் 3060-க்குப் பக்கத்தில் வரும், விலை குறைவு. மிச்சமாகும் பணத்தில் அண்ணன் சொன்ன எஸ்எம்பிஎஸ்-ம் இன்னொருவர் சொன்ன ராமும் வந்துவிடும். 25 ஆயிரத்துக்குள் எல்லாம் முடிந்தது. 3060 எடுத்தால் கார்டோடு பட்ஜெட் காலி, அப்புறம் எஸ்எம்பிஎஸ் "அடுத்த மாதம்" என்று தள்ளிப்போகும், அந்த அடுத்த மாதத்தில்தான் எல்லா விபரீதமும் நடக்கும்.

இன்டெல் ஆர்க் பி580 என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 12 ஜிபி, நல்ல கார்டு, ஆனால் ரீசைசபிள் பார் (கார்டு மெமரி முழுவதையும் ப்ராசஸர் ஒரேயடியாக அணுகும் வசதி) இல்லாமல் அதன் வேகம் விழுந்துவிடும். இன்டெல்லே 10-வது தலைமுறையும் அதற்கு மேலும் வேண்டும் என்கிறது. பழைய ப்ராசஸரில் அதன் டிரைவர் கூடுதல் சுமை வேறு.


அஸ்தம்பட்டி_அசெம்ப்ளி எழுதியது:

6600 நல்ல கார்டு, அதில் எனக்கும் மறுப்பு இல்லை. வீடியோ வேலை என்ற ஒன்று இல்லாவிட்டால் நானும் அதையே சொல்லியிருப்பேன். இரண்டு காரணத்துக்காக 3060 பக்கம் நிற்கிறேன், பொறுமையாகக் கேளுங்கள்.

6600-க்கு 8 லேன். 3060-க்கு முழுசாக 16. பிசிஐஇ 3.0-ல் 16 லேன் என்றால் நொடிக்கு ஏறத்தாழ 16 ஜிபி, 8 லேன் என்றால் 8 ஜிபி, 4 லேன் என்றால் 4 ஜிபி. விளையாட்டுக்கு வேண்டியதெல்லாம் கார்டு மெமரிக்குள் அடங்கியிருக்கும்வரை இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. மெமரி நிரம்பி வழியும்போதுதான் கதை மாறும், அடங்காத டெக்ஸ்சர் (பொருள்களின் மேல் ஒட்டும் படம்) ராமிலிருந்து இந்தப் பாதை வழியாக வந்து வந்து போகவேண்டும், அப்போதுதான் திடீரென்று படம் உறைவது, சுவரெல்லாம் மங்கலாகத் தெரிவது எல்லாம் வரும். 3060-ல் 12 ஜிபி இருப்பதால் வழிவதே அரிது, வழிந்தாலும் பாதை அகலம். பழைய 3.0 போர்டு வைத்திருப்பவர்களுக்கு இந்த இரண்டும் ஒரே கார்டில் சேர்ந்து கிடைப்பதுதான் அதன் அருமை. 4060, 5060 எல்லாம் வேகத்தில் மேல், சந்தேகமில்லை, ஆனால் 8 ஜிபி, 8 லேன். புது போர்டு வைத்திருப்பவருக்குச் சரி.

அடுத்தது ரிசால்வ். அது கார்டு மெமரியை வாரி விழுங்கும். 4கே டைம்லைனில் நாய்ஸ் ரிடக்ஷன் போட்டால் 8 ஜிபி-யும் போதாத நாள் வரும். மெமரி போதவில்லை என்று இப்போதே மெசேஜ் பார்ப்பவருக்கு 12 ஜிபி என்பது ஒரு நிம்மதி. ஏஎம்டி-யிலும் ரிசால்வ் ஓடும், ஆனால் சொந்தக்காரர் காசு வாங்கிக்கொண்டு செய்கிற வேலை என்றால் நான் சோதனை செய்து பார்க்கச் சொல்லமாட்டேன்.

வாங்கும்போது ஒன்று கவனம். 2022 கடைசியில் 3060 பெயரிலேயே 8 ஜிபி என்று ஒன்று வந்தது, பஸ் 192-லிருந்து 128 பிட்டாகக் குறைத்தது. அது வேண்டவே வேண்டாம். பெட்டியில் 12 ஜிபி என்று எழுதியிருக்கவேண்டும். புதுசாக எல்லாக் கடையிலும் இருக்காது, பழையது என்றால் பில்லும் மிச்ச வாரன்டியும் உள்ளதாகப் பாருங்கள், பெட்டியில் உள்ள சீரியல் நம்பரும் கார்டில் ஒட்டியிருப்பதும் ஒன்றாக இருக்கவேண்டும். விற்பவர் வீட்டிலேயே அரைமணி நேரம் ஏதாவது கனமான கேம் ஓடவிட்டு, ஃபேன் சத்தம், திரையில் புள்ளி புள்ளியாக வருகிறதா, பின்னால் உள்ள எல்லா போர்ட்டும் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பணம். பார்சலில் அனுப்புகிறேன், முதலில் பணம் போடு என்றால் பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.


நாகலூர்_மிளகு (ஏற்காடு) எழுதியது:

தம்பி, நானும் இங்கேதான் இருக்கிறேன், ஹோம்ஸ்டே நடத்துகிறோம், என் எடிட்டிங் கம்ப்யூட்டரும் இதே பனியிலும் மழையிலும்தான் ஓடுகிறது. மலைக்குக் கீழே இருப்பவர்கள் சொல்லாத ஓரிரண்டு விஷயம் சொல்கிறேன்.

சூட்டைப் பற்றிக் கவலையே படவேண்டாம். 1500 மீட்டர் உயரத்தில் காற்று அடர்த்தி சுமார் 15 சதவீதம் குறைவு, அதனால் ஃபேன் தள்ளும் காற்றுக்கும் பலம் கொஞ்சம் குறைவுதான். ஆனால் சேலத்தில் மே மாதம் 40 டிகிரியை எட்டும்போது நம் அறையில் பத்து டிகிரிக்கு மேல் குறைவாக இருக்கும், அந்த லாபம் இந்த நஷ்டத்தைவிடப் பெரியது. மூன்று ஃபேன் வைத்த நீளமான மாடலுக்குக் கூடுதல் காசு தராதீர்கள். இரண்டு ஃபேன் போதும்.

நமக்கு எதிரி ஈரம். இப்போதைய கார்டுகளில் சும்மா இருக்கும்போது ஃபேன் சுற்றாது, சூடானால்தான் சுற்றும். ஐப்பசி கார்த்திகையில் வாரக்கணக்கில் கம்ப்யூட்டரைப் போடாமல் வைத்தால் தூசியோடு ஈரம் சேர்ந்து போர்டில் பசை மாதிரி படிந்துவிடும். என் பழைய கார்டின் தங்கநிறப் பின்களில் பச்சைப் புள்ளி பிடித்திருந்ததைக் கழற்றும்போது பார்த்தேன். தினமும் கொஞ்ச நேரமாவது ஓடவிடுங்கள், ஊருக்குப் போவதாக இருந்தால் மேலே துணி போட்டு மூடி வையுங்கள், ஜன்னலோரம் வைக்காதீர்கள். காலைப் பனி அப்படியே உள்ளே வரும்.

இடி இடித்தால் சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்கவேண்டும். இன்டர்நெட் ஃபைபர் கம்பியில் மின்சாரம் வராது என்று நம்பி விட்டுவிடுகிறார்கள். கண்ணாடி இழையில் வராதுதான், ஆனால் அந்த மோடத்தின் அடாப்டர் சுவரில்தானே மாட்டியிருக்கிறது, அங்கே ஏறி லேன் கேபிள் வழியாகக் கம்ப்யூட்டருக்குள் வந்துவிடும். அதையும் கழற்றுங்கள். எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். எஸ்டேட் வீடுகளில் மூன்று பின் சாக்கெட் இருக்கும், பின்னால் எர்த் கம்பியே போயிருக்காது.

யுபிஎஸ் 600 விஏ வைத்திருந்தால் அது 360 வாட்தான். புது கார்டோடு கேம் ஓடும்போது கரண்ட் போனால் பட்டென்று அணைந்துவிடும், யுபிஎஸ் இருந்தும் பிரயோஜனமில்லை. 1000 விஏ பாருங்கள்.


செம்மடுவு_பையன் எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு விவரமாக யாரும் சொன்னதில்லை. அக்கா, மோடம் அடாப்டர் விஷயம் யோசித்ததே இல்லை, இன்றைக்கே எர்த் பார்க்க ஆள் வரச்சொல்லிவிட்டேன்.

எஸ்எம்பிஎஸ் லேபிள் பார்த்தேன். மேலே 450 வாட் என்று பெரிதாக. கட்டத்தில் +12 வோல்ட்டுக்குக் கீழே 16 ஆம்பியர். 192 வாட்! மிச்சம் எல்லாம் 3.3-லும் 5 வோல்ட்டிலும் போட்டுக் கணக்குக் காட்டியிருக்கிறார்கள். இன்புட் 230 வோல்ட் மட்டும். 80 ப்ளஸ் முத்திரை இல்லை. கார்டுக்கான 8 பின் கேபிள் கிடையாது, 6 பின்னும் கிடையாது. கையில் தூக்கிப் பார்த்தால் காலி டப்பா கனம்தான்.

ஆஃப்டர்பர்னரும் போட்டேன். ரெட் டெட் 2-ல் ஜிபியு 99, ப்ராசஸர் 60 பக்கம். சைபர்பங்கில் ஜிபியு 99, ஆனால் மார்க்கெட் பகுதியில் ப்ராசஸரும் 95-க்கு மேல், ராம் 7.6 ஜிபி வரை நிரம்பிவிட்டது. வேலரன்ட்டில் ஜிபியு பாதிதான்.

மாமா பையன் 580 வேண்டாம் என்றதும் பெங்களூரிலேயே 3060 12 ஜிபி ஒன்று பார்த்திருக்கிறான், இன்னும் ஒரு வருட வாரன்டி பாக்கி, பில் இருக்கிறது. புதுசைவிட நன்றாகவே குறைவு. எஸ்எம்பிஎஸ், ராம் சேர்த்தாலும் 27 ஆயிரத்துக்குள் வருகிறது. சரியா? கார்டு பெங்களூரிலிருந்து பஸ்ஸில் வரும், கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு சேலம் இறங்கி மாட்டிக்கொண்டு மேலே ஏறலாமா என்று யோசனை.


சிவப்பு_அணி எழுதியது:

வாரன்டியோடு அந்த விலைக்குக் கிடைக்கிறது, எஸ்எம்பிஎஸ்-ம் கூடவே வருகிறது என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை, 3060-யே எடுங்கள். மாமா பையனை ஒரு மானிட்டர் கேபிளோடு நேரில் போய் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஜிபியு-இசட் திரையை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், அதில் 12288 எம்பி, 192 பிட், பஸ் எக்ஸ்16 மூன்றும் தெரியவேண்டும்.


அஸ்தம்பட்டி_அசெம்ப்ளி எழுதியது:

192 வாட் எஸ்எம்பிஎஸ்-இல் 3060 மாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே பகீரென்கிறது. அதை வேறு எதற்கும் பயன்படுத்தாதீர்கள், தெரிந்தவர்களுக்கும் கொடுக்காதீர்கள்.

வரிசை இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: முதலில் எஸ்எம்பிஎஸ்-ம் ராமும், பழைய 1050 டிஐ-யோடே இரண்டு மூன்று நாள் ஓட்டுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் அப்புறம் கார்டு. மூன்றையும் ஒரே நாளில் மாற்றி ஏதாவது ஆகாவிட்டால் எதில் கோளாறு என்று கண்டுபிடிக்கவே ஒரு வாரம் போய்விடும். புது எஸ்எம்பிஎஸ் கேபிள் கழற்றி மாட்டும் வகை என்றால் அதன் பெட்டியில் வந்த கேபிளை மட்டும் பயன்படுத்துங்கள், வேறு கம்பெனி கேபிளும் பார்க்க ஒரே மாதிரி பொருந்தும், உள்ளே கம்பி வரிசை வேறாக இருந்தால் போர்டும் போய்விடும் டிஸ்க்கும் போய்விடும்.

கார்டு மேல் ஸ்லாட்டில்தான் போகவேண்டும். உங்கள் போர்டில் கீழே இன்னொரு நீள ஸ்லாட் இருந்தால் அது 4 லேன்தான், பார்க்க ஒரே நீளம். மானிட்டர் கேபிளை போர்டில் இருக்கும் எச்டிஎம்ஐ-யில் சொருகாமல் கார்டில் சொருகுங்கள். பழையதும் புதியதும் என்விடியா என்பதால் டிரைவர் போடும்போது க்ளீன் இன்ஸ்டால் டிக் போட்டாலே போதும்.

பஸ்ஸில் கம்ப்யூட்டரைக் கொண்டுவருவதாக இருந்தால் கார்டை மாட்டிய நிலையில் 20 கொண்டை ஊசி வளைவு ஏறவேண்டாம். ஒவ்வொரு வளைவிலும் அந்தக் கனம் முழுக்க ஸ்லாட்டில் போய் உட்காரும், ஸ்லாட் விரிசல் விட்டால் போர்டே மாற்றவேண்டியதுதான். கார்டைக் கழற்றி அதன் பெட்டியில் தனியாக மடியில் வைத்துக்கொள்ளுங்கள், மேலே போய் மாட்டிக்கொள்ளலாம், இரண்டு ஸ்க்ரூதான்.

கடைசியாக, மாமா பையன் பணம் கொடுப்பதற்கு முன்னால் கேபினட்டைத் திறந்து பின் ஸ்லாட்டிலிருந்து முன்னால் ஹார்டு டிஸ்க் கூண்டு வரைக்கும் ஸ்கேல் வைத்து அளந்து எத்தனை மில்லிமீட்டர் என்று இங்கே போடுங்கள். பழைய கேபினட்டில் அந்தக் கூண்டு ரிவெட் அடித்திருக்கும், கழற்ற வராது. அவர் விற்பது எந்த மாடல் என்பதையும் எழுதுங்கள், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்கிறேன்.


செம்மடுவு_பையன் எழுதியது:

அளந்துவிட்டேன் அண்ணா, 265 மில்லிமீட்டர் இருக்கிறது, கூண்டு ரிவெட்தான். மாடல் பெயர் ராத்திரி அவனிடம் கேட்டுவிட்டு எழுதுகிறேன், இரண்டு ஃபேன் உள்ளதுதான் என்றான். ராமும் எஸ்எம்பிஎஸ்-ம் வாங்க சனிக்கிழமை சேலம் வருகிறேன்.